சேதாரம்

கேட்டில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது:
வீடு விற்பனைக்கு. தறகர் வேண்டாம்.
வல்லின ற.
போன் நம்பரின் கடைசி இலக்கத்தை
மழை கொண்டுபோயிருந்தது.
கதவில் பூட்டு.

பட்டறைக்கு வந்து
சைபரிலிருந்து தொடங்கினேன்.
ஒன்று, ஆத்தூரில் ஒரு மரவள்ளிக் கிடங்கு.
மூன்றில் ஒரு குழந்தை, அப்பா குளிக்கிறார் என்றது.
நாலில் எடுத்தவர் யாரென்று கேட்காமலே திட்டினார்.
ஏழில் ஒரு அம்மா:
"விக்கிற காரணத்தக் கேக்காதீங்க,
மத்ததெல்லாம் கேளுங்க."

ஞாயிறு பத்து மணி, கன்னங்குறிச்சி.
ஜெயசீலி,
பெரியாஸ்பத்திரியில் முப்பது வருஷம்
மாத்திரை எண்ணிக் கொடுத்தவர்.
வீட்டையும் அப்படித்தான் எண்ணிக் கொடுத்தார்.
இந்தக் குழாய் இடப்பக்கம் திருகினால்தான் நிற்கும்.
போர் அறுநூற்று நாற்பது அடி, உப்பு, பருப்பு வேகாது.
பின்சுவர் அரையடி பக்கத்து மனையில் நிற்கிறது.
அவருக்கும் தெரியும். கேட்டதில்லை. கேட்கலாம்.
ஐப்பசியில் குளியலறைக்குள்
சாக்கடை எதிர்த்து வரும்.

எதுவரைக்கும்?
முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து
மூன்றாவது டைல்ஸின் நடுவில்
விரலால் கோடு போட்டார்.

வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்றேன்.
"அவங்க சாக்கடையெல்லாம் எழுத மாட்டாங்க."

மொட்டைமாடியில் சேர்வராயன் பக்கத்தில் நின்றது.
ஏற்காடு பஸ் ஒன்று வளைவில் திரும்ப
கண்ணாடி ஒருமுறை மின்னி அணைந்தது.
"இதுக்கு வெல சேக்கல."

நாற்பத்திரண்டு லட்சம் என்றார்.

கையிருப்பும் கடனும் சேர்த்து
நாற்பத்து நாலு வரை என்னால் முடியும்.
மேனேஜர் கொடுத்த காகிதம்
சட்டைப் பையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.
முப்பத்தெட்டுக்கு மேல் பேங்க் தராதுங்க
என்றது என் வாய்.
கொலுசுக்குப் பற்றவைக்கிறவன்,
மில்லிகிராமுக்குச் சண்டை போட்டுப் பழகிய வாய்.

தரகர் ஒருவர் இருந்திருந்தால்
அவர்தான் இதைச் சொல்லியிருப்பார்.
நான் டீயை ஆற்றிக்கொண்டு
மின்விசிறியைப் பார்த்திருப்பேன்.
ரெண்டு பர்சன்ட் எதற்கு என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மின்விசிறியை அவர் பார்த்தார்.
ரொம்ப நேரம்.
"முப்பத்தொம்பது. பொய் சொல்ற மூஞ்சி இல்ல உங்களுக்கு."

பத்திர ஆபீஸில்
என் ரேகையை மெஷின் எடுக்கவில்லை.
ஆசிட்டும் பாலீஷும் தின்ற விரல்.
மூன்று தடவை வைத்தேன்,
மூன்று தடவையும் நான் நானில்லை என்றது.
வரிசையில் பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள்.
ஜெயசீலியம்மா என் கையை வாங்கி
முந்தானையால் கட்டைவிரலைத் துடைத்து
ஊதி
அவரே அழுத்திப் பிடித்தார்.
பச்சை விளக்கு.

வெள்ளியை உருக்கினால் கொஞ்சம் காணாமல் போகும்.
சேதாரம் என்று பேர் வைத்து
பில்லில் எழுதிவிடுவோம்.
யாரும் எங்கே போச்சு என்று கேட்பதில்லை.

மிச்சமான தரகுப் பணம்
எழுபத்தெட்டாயிரம்.
மாடிக்குக் கைப்பிடி வைத்தோம்,
உப்பு நீக்கும் மெஷின் வாங்கினோம்,
அதற்கும் மேலே போயிற்று.
அந்த மூன்று லட்சத்தை மட்டும்
என் மனைவிக்கும் கணக்குக் காட்டவில்லை.

ஐப்பசி பத்தாம் தேதி, விடாத மழை.
இரவு ஒன்பதுக்கு
ஏழில் முடியும் அந்த நம்பர்.
"தண்ணி வந்துச்சா தம்பி?"

வந்துச்சும்மா.
எதுவரைக்கும்?
டார்ச்சோடு குளியலறை வாசலில் நிற்கிறேன்.
மூன்றாவது டைல்ஸ், நடுவில்.
ஒரு நூல் கூட ஏறவில்லை.

நீங்க சொன்ன எடம் வரைக்குந்தாம்மா
என்றேன்.
"நான்தான் சொன்னேனே."

வைக்காமல் இருந்தார்.
நானும் வைக்கவில்லை.
அந்தப் பக்கமும் மழை பெய்கிற சத்தம்.
எந்த ஊர் என்று
இதுவரை நான் கேட்டதில்லை.